கண் கொடுத்தவருக்கு ஓர் இலை

சில வருடங்களுக்கு முன், புரட்டாசி மாத மகாளய அமாவாசையன்று, குன்னத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. எங்கள் வீடு ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அந்த மாதத்தில் சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து வீட்டையே மறைத்துவிடும். காற்று இல்லாத நேரத்தில்கூட உள்ளே யாரோ நடப்பதுபோலச் சரசரவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனாலும் அந்த வருடம் அதைக் கேட்டாலே நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

காரணம் என் வலது கண்.

நான் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலையில் இருந்தேன். அதற்கு முந்தைய மார்கழியில் லீவில் வந்தவன், சும்மா இருக்க மாட்டாமல் கதிர் ஒடிக்கக் காட்டில் இறங்கினேன். காய்ந்த சோளத் தோகை ஒன்று கண்ணில் கீறிவிட்டது. அம்மா நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினாள். உறுத்தல் குறைந்தது மாதிரி இருக்கவே, கிளம்பிப் போய்விட்டேன். போன இடத்தில் கண் சிவந்து, புண்ணாகி, கடைசியில் பூ விழுந்துவிட்டது. வலது பக்கம் முழுக்க வெறும் பால் வெள்ளை.

அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். கைக்கடிகாரத்தின் முள்ளுக்கு மேலே கண்ணாடி இருக்கிறதல்லவா, அதுபோலக் கருவிழிக்கு மேலே ஒரு படலம் இருக்கிறது. அது கெட்டுவிட்டது. இறந்துபோன ஒருவர் கொடுத்த படலத்தை அங்கே வைத்துத் தைத்தால் பார்வை வரும். அந்த நாட்டில் கண் கொடுப்பவர்கள் குறைவு என்பதால், வேறு நாட்டுக் கண் வங்கியிலிருந்து விமானத்தில்தான் வர வேண்டும். நான் காத்திருந்தேன். ஒருநாள் அது ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்தது.

யாருடையது என்று அங்கிருந்த மலையாள நர்ஸம்மாவிடம் கேட்டேன். எந்த நாடு, ஆணா பெண்ணா, என்ன வயசு, எதுவும் சொல்ல மாட்டார்களாம். "எங்களுக்கும் தெரியில்ல சேட்டா. நல்லா இருக்கணும்னு பிரார்த்திச்சா போதும்" என்றார். நானும் பிரார்த்தித்தேன். யாருக்காக என்று தெரியாமல் வேண்டிக்கொள்வது ஒருமாதிரியாகத்தான் இருந்தது.

பார்வை வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. வலது கண்ணால் யாரைப் பார்த்தாலும் அவர் தோளை ஒட்டி இன்னொருவர் நின்றார். அதே உயரம், அதே அசைவு, ஆனால் வெளிறிப்போய், முகம் தெளிவில்லாமல். வெளிச்சம் மங்கும் நேரத்தில் அந்த இரண்டாவது ஆள் இன்னும் கொஞ்சம் விலகி நிற்பார். தையல் இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும், பயப்படாதே என்று டாக்டர் சொல்லித்தான் ஊருக்கு அனுப்பினார். காதில் வாங்கினேன், மனதில் இறங்கவில்லை. ஓய்வுக்காக வீட்டில் இருந்த அந்த மாதங்களில், சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவதையே விட்டுவிட்டேன். அதில் என் பக்கத்தில் நிற்பவர் என்னைப் பார்க்கிறாரா, வேறெங்காவது பார்க்கிறாரா என்று புரியவே இல்லை.

இதை என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அடுப்படியில் இருந்த அம்மா காதில் விழுந்துவிட்டது. ஈரக் கையோடு வெளியே வந்தவள், "என் பக்கத்துலயும் நிக்குதாடா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "ம்" என்றேன்.

அன்றிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பேசினால் இடது பக்கமாக உட்கார்ந்து, இடது கண்ணைப் பார்த்துத்தான் பேசுவாள். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். விளக்கு வைக்கும் நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாள். நான் கூப்பிட்டாலும் இரண்டாவது தரம் கூப்பிட்டால்தான் திரும்புவாள். என்னைப் பெற்றவள் என்னைப் பார்த்து மிரண்டாள். பார்வை இல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

அமாவாசைக்கு முந்தின நாள் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு மகாளயத்துக்கும் அவருக்குப் படையல் போடுவோம். இந்த முறை அவர் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலை போட வேண்டும் என்றாள் அம்மா. "செத்தவங்க ஒருத்தர் நம்ம வூட்ல உன் கண்ணுல குந்தியிருக்காங்க. ஒரு வா சோறு யாரும் வைக்கல. பட்டினியா கிடந்தா பின்ன பக்கத்துல வந்து நிக்காம என்ன செய்வாங்க?"

கேட்கச் சிரிப்பு வந்தது. மறுத்துப் பேச மட்டும் தைரியம் வரவில்லை.

சிக்கல் சமையலில் ஆரம்பித்தது. அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும்: உளுந்து வடை, வாழைக்காய்ப் பொரியல், வெற்றிலை, ஒரு கட்டு பீடி. இவருக்கு? ஊர் பெயர்கூடத் தெரியாத மனிதருக்கு என்ன வைப்பது? சோறு சாப்பிடுகிற நாடா, ரொட்டி சாப்பிடுகிற நாடா? கடைசியில் அப்பாவுக்கு வைத்த எல்லாவற்றோடும், நான் குன்னத்துக் கடையில் வாங்கிவந்த பன்னும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பேரீச்சம்பழமும் சேர்த்து வைத்தோம். சேலையா வேட்டியா என்று தெரியாததால் ஒரு துண்டு. நான் கடைக்குப் போய்வரும்போது, எங்கள் வீட்டுப் பாதை தார் ரோட்டில் சேரும் இடத்தில் அரியலூர்ப் பக்கமிருந்து வந்த சிமென்ட் லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றிருந்தது. வடநாட்டு டிரைவர் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

உச்சி வேளையில் சாமி கும்பிட்டு, இரண்டு இலையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து மாடிச் சுவர்மேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கா கா என்று கூப்பிட்டோம். காகம் தொட்ட பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிடலாம். ஒரு காகம் வந்தது. அப்பா பங்கில் வாய் வைத்தது. பக்கத்துப் பங்கைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, தொடவில்லை. பறந்துபோய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து அப்பாவுடையதையே தின்றது.

அம்மா கை கூப்பிக்கொண்டு சத்தமாகவே கேட்டாள்: "அய்யாவோ அம்மாவோ, யாரா இருந்தாலும் சரி, என்ன குறை வச்சுட்டோம்? வந்து எடுத்துக்கங்க." கீழே சோளக்காட்டில் சரசரப்பு சட்டென்று நின்றது. அது அப்படி நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

அப்போது பார்த்தேன். அப்பாவின் பங்கில் காகம் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், யாரும் தொடாத அந்தப் பங்கின் மேலே, சாம்பல் நிறத்தில் வெளிறிய இன்னொரு காகம் உட்கார்ந்து குனிந்து குனிந்து கொத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, சாப்பிடுது" என்றேன்.

"எங்கடா?"

"அந்தா, அந்தச் சோத்துல."

அம்மா பார்த்தாள். என் மனைவியும் பார்த்தாள். நான் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். அங்கே எதுவும் இல்லை. சோறு குறையவில்லை. கையை எடுத்தால் மறுபடியும் அந்தக் காகம்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். நான் இறங்கி வருவதற்குள் பையில் சேலைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். மீன்சுருட்டியில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போகிறாளாம். "நீ நல்லா இருடா சாமி. அந்தக் கண்ணு இருக்கற வூட்ல என்னால இருக்க முடியாது" என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். போனால் திரும்ப மாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. என் மனைவி அழ ஆரம்பித்தாள். படையலும் சோறும் அப்படியே ஆறிக் கிடந்தன.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிச் சத்தம். வெளிநாட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், வெள்ளாற்றங்கரை ஊர்க்காரர், லீவில் வந்திருந்த பாய். ஆபரேஷன் முடிந்து கட்டோடு கிடந்த எனக்குக் கஞ்சி ஊட்டியவர் அவர்தான். அம்மா பையும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். எல்லாவற்றையும் அம்மாவே கொட்டினாள். அவர் சிரிக்கவில்லை.

"அம்மா, அவங்க எந்த ஊரு, எந்த மதம்னு யாருக்குங்க தெரியும்? காக்காவுக்கு வைக்கிற பழக்கமே இல்லாதவங்களா இருந்தா? எங்க வூட்ல மவுத்தானவங்களுக்கு நாங்க காக்காவுக்கு வைக்கறதில்லீங்க. அவங்களுக்காக அல்லாகிட்ட துஆ கேப்போம், பசிச்சவங்களுக்குச் சோறு போடுவோம். அது அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துடும்."

அம்மா பையைக் கீழே வைத்தாள். "அட ஆமா. நான்பாட்டுக்கு நம்ம வூட்டு முறையில கூப்புட்டா அவங்களுக்கு எப்பிடிய்யா புரியும்?"

எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இது தோன்றவில்லை. செத்தவர்கள் எல்லாரும் காகமாகத்தான் வருவார்கள் என்று உலகத்துக்கே நாங்கள் முடிவு செய்து வைத்திருந்தோம்.

பசித்தவர் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. லாரி இன்னும் அங்கேயே நின்றது. அந்த இரண்டாவது இலையை அப்படியே தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு அம்மா முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம். டிரைவருக்கு அவள் பேசியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவர் சொன்னது அவளுக்கும் புரியவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் போல. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தவர் முதலில் எடுத்தது அந்தப் பன்னைத்தான். பிறகு வடை, பிறகு சோறு. பேரீச்சம்பழக் கொட்டைகளை இலை ஓரத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்தார். அம்மா அவர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் கூடவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். துண்டைக் கொடுத்தபோது அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராக என்னிடம் வந்தாள். மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். அத்தனை மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக என் வலது கண்ணைப் பார்த்தாள். உள்ளே தெரிகிற யாரையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள்.

"சாப்ட்டாச்சுல்ல? இனிமே பயமுறுத்தக் கூடாது. இதுவும் உன் வூடுதான்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் கையால் எனக்குச் சோறு போட்டாள். பாயும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு திருச்சியில் ஒரு டாக்டர் தையல்களைப் பிரித்தார். தையல் இழுத்ததால் படலம் கோணி, ஒரு உருவம் இரண்டாகத் தெரிந்தது என்று படம் போட்டுக் காட்டினார். அந்தச் சாம்பல் காகமும் நிஜக் காகத்தின் மறுபிம்பம்தான், பக்கத்துச் சோற்றின் மேல் போய் விழுந்திருக்கிறது. எல்லாம் புரிந்தது. தையல் போனதும் அந்த வெளிறிய ஆட்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒருநாள் காணாமல் போனார்கள். அம்மாவிடம் சொன்னதும், "போயிட்டாங்களா?" என்றாள். அவள் முகம் வாடிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் என்னவோ மாதிரிதான் இருந்தது.

பெரம்பலூரைத் தாண்டினால் திருச்சி, அதற்கு மேல் அம்மா எங்கும் போனதில்லை. ரயிலில்கூட ஏறியதில்லை. அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் செத்தா கண்ணைக் குடுத்துடுங்க. அப்பவாச்சும் ஏரோப்ளேன்ல ஏறுறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். உள்ளூரிலேயே தேவை இருக்கிறது, நம் ஊர்க் கண் அப்படி வெளிநாடெல்லாம் போகாது என்று நான் சொன்னால், "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பாள்.

போன வருடம் ஒரு மத்தியானம், சோளம் பால் பிடித்திருந்த நேரத்தில், அம்மா போய்விட்டாள். சொன்னபடியே செய்தோம். மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி, மூடிய இமைகளின்மேல் ஈரப் பஞ்சை வைத்துவிட்டு, திருச்சியிலிருந்து கண் வங்கி ஆட்கள் வரும்வரை காத்திருந்தோம். கண்ணில்லாமல் போனால் மேலே எப்படி வழி தெரியும் என்று துக்கத்துக்கு வந்த ஒருத்தி கேட்டாள். "அத்தை இப்ப மேல போகலீங்க. ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்காங்க" என்றாள் என் மனைவி. ஐஸ் பெட்டி வண்டியில் ஏறியபோது சோளக்காடு சரசரவென்று இரைந்தது. எனக்குப் பயமாக இல்லை, அழுகைதான் வந்தது.

அது யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். ஆனால் எங்கோ ஒரு வீட்டில், தையல் பிரிக்காத கண்ணோடு இருக்கும் ஒருவர், விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்தில் யாரோ வெளிறி நிற்பதைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கலாம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் சொல்ல முடிந்தால் ஒன்றைத்தான் சொல்வேன்: பயப்படாதீர்கள், அது என் அம்மாதான், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்க்க வந்திருப்பாள்.