வனஜாவின் ஆணி

போன வாரம் திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில் அந்தப் பெரிய புளியமரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ரம்பம் திடீரென்று கிறீச்சிட்டு நின்றது. "ஆணி சார். மரம் முழுங்கி வச்சிக்கினு இருக்குது" என்றார் அறுப்பவர். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் மரத்துக்குக் கிட்டே போனேன்.

வனஜா எங்கள் பக்கத்து வீடு. இருவருக்கும் அப்போது பதினாலு வயது. அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் அப்பாவின் தறியிலிருந்து ஒரு ஜரிகைக் கண்டைத் திருடி விற்று, பள்ளிக்கு மட்டம் போட்டு மாட்டினி பார்த்தோம். இடைவேளையில் ஆளுக்குப் பாதி பீடி. யோசனை முழுக்க இந்த ஐயாவுடையது, என்னுடையது. ஆனால் அவள்தான் அழகாகப் புகைவிட்டாள். எனக்கு இருமி இருமிக் கண்ணீரே வந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

மாட்டிக்கொண்டோம். என் அப்பா கையை ஓங்கினார். தெருவே வந்து தடுத்தது. "ஆம்பளப் பையன், கொழுப்பு. வயசானா அடங்கிடும்பா" என்றார்கள். வனஜாவை அவள் அப்பா அடித்தபோது யாரும் தடுக்கவில்லை. அவள் அழவுமில்லை, சிரித்தாள். "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ தைரியம் எங்கேர்ந்துமா வரும்? இது அவ இல்ல" என்று முடிவு கட்டிவிட்டார்கள். குற்றம் ஒன்றுதான். எனக்குக் கொழுப்பு, அவளுக்குப் பேய்.

ஆடி வெள்ளி, உச்சி வெயில், அந்தப் புளியமரத்தடி. உடுக்கைச் சத்தம், வேப்பிலைப் புகை. இன்றைக்கும் கொசுவுக்கு யாராவது வேப்பிலை கொளுத்தினால் நான் வேறு தெரு வழியாகப் போய்விடுவேன். பூசாரி வேப்பங்கொத்தால் அவளை விளாசிக்கொண்டே, "இன்னா வேணும் உனக்கு? கேளு. வாங்கிக்கினு இவள வுட்டுட்டுப் போயிடு" என்றார். பேயிடம் அப்படிக் கேட்பதுதான் வழக்கம். கோழி கேட்கும், சாராயம் கேட்கும்.

வனஜா ஆடவில்லை. முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். பீடி கேட்ட அதே குரலில், "அவனையும் அடிங்க" என்றாள்.

கூட்டம் அலறியது. பேய் என்னைக் காவு கேட்கிறதாம்! அம்மா என்னை வாரிக்கொண்டு ஓடினாள். எனக்குத் திருநீறு, தாயத்து. அவளுக்கு, உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்து அறுத்து மரத்தில் ஆணி. 'பேசியது வனஜாதான், திருடச் சொன்னவன் நான்தான்' என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. அடிக்குப் பயந்து மூடிக்கொண்டேன்.

அடுத்த தையிலேயே வாலாஜாபாத்தில் ஒருவருக்கு அவளை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே அவள் குரலை உயர்த்தினால் போதும், வேப்பிலை ஒடிக்க ஆள் போகுமாம். பிறகு பேசுவதையே விட்டுவிட்டாள் என்று கேள்வி. நான் படித்து பாங்க் மேனேஜரானேன். ஓய்வுபெற்ற அன்று மாட்டினி, பீடிக் கதையெல்லாம் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். அந்தக் கதையில் வனஜா இல்லை.

அறுப்பவர் ஆணியைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். துருவோடு நாலைந்து முடி ஒட்டியிருந்தது, ஒன்றுகூட நரைக்காமல். வனஜா போய்ப் பத்து வருடம் ஆகிறது. இதோ மரமும் போயிற்று.

"யாருதுன்னு எதுனா தெரியுமா சார்?"

"தெரியாதுப்பா" என்றேன்.