பாக்கியம் அக்காவின் செருப்பும் ஒரு ஃபார்வர்டும்

“...எழுதினது நான். அனுப்பினது சுகந்திக்கு மட்டும். அப்ப அதைத் தூக்கி இன்னொருத்தருக்கு அனுப்ப அவளுக்கு என்னாண்ணே உரிமை இருக்கு? இதுக்கெல்லாம் சட்டம் இல்லியா?”

கேட்டவர் தவமலர். பதுளையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. சொந்த இடம் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். போன சனிக்கிழமை பஸ் ஸ்டாண்ட் தேநீர்க் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, பிளேன்டீயைக் குடிக்காமல் ஆறவிட்டுக்கொண்டிருந்தார். லுணுகலை பஸ் ஒன்று புறப்பட்டுப் போனது. ஏறவில்லை.

நடந்தது இதுதான். பண்டாரவளையில் இருக்கும் தோழி சுகந்திக்கு நீளமாக ஒரு ஈமெயில் எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நாலு பேர் கண்ணில் பட்டுவிடும், பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் ஈமெயில்!

என்ன எழுதினார்? மழை பிடித்துக்கொண்டால் அவருடைய அம்மா பாக்கியம் செருப்பைப் போட்டுக்கொண்டே படுக்கிறார். அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மண்மேடு. மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு இந்தப் பக்கம் மழைச் சத்தத்தை யாரும் சும்மா கேட்பதில்லை. ஆனால் பயமா என்று கேட்டால் பாக்கியம் ஒத்துக்கொள்ள மாட்டார். “காலு குளிருது புள்ள” என்பார். அம்மாவைக் கூட்டிவரப் பதுளையில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை... இப்படிப் போகிறது மெயில். கடைசியில் ஒரு வரி: ‘அண்ணியையும் கேட்டதாகச் சொல்லு.’

அந்த வரிதான் வினை.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு கடுதாசி வந்தால், அதில் யார் யாரை விசாரித்திருக்கிறதோ அவர்களிடமெல்லாம் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் கோபம். “என்னையக் கேட்டு எழுதியிருந்துச்சாமே, ஒரு வார்த்த சொல்லல?”

சுகந்தி வழக்கத்தை மீறவில்லை. மெயிலைத் தன் அண்ணிக்கு ஃபார்வர்ட் செய்தார். அந்த அண்ணிக்குப் பிறந்த வீடு தவமலரின் தோட்டமேதான். படித்து அழுதிருக்கிறார். அழுதவர் சும்மா இருப்பாரா? தோட்டத்தில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினார். தம்பி தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார் — ‘நம்ம புள்ள என்னமா எழுதியிருக்கு பாருங்க’ என்ற பாராட்டோடு.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி பாக்கியத்தைக் கேட்டாளாம்: “என்னாக்கா, நேத்தாவது செருப்பக் கழட்டிட்டுப் படுத்தீங்களா?”

ஒரே சிரிப்பு.

அன்றிலிருந்து பாக்கியம் மகளோடு பேசுவதில்லை. பதுளை வீடு? “பயந்து ஓடிட்டாள்னு நாலு பேரு சிரிக்கவா? நான் வரல” என்று பக்கத்து வீட்டார் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். மழைக்காலமோ நெருங்குகிறது.

சட்டம் கேட்டாரே... தெரிந்த சட்டத்தரணி ஒருவருக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டேன்.

“எழுத்து எழுதினவங்களுக்குத்தான் சொந்தம். ஈமெயில்னாலும் அப்படித்தான்” என்றார். தவமலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆனா ஒண்ணு. மெயில அனுப்பாம, விஷயத்த மட்டும் அந்த அண்ணி வாயால சொல்லியிருந்தா பதிப்புரிமைச் சட்டம் ஒண்ணும் பண்ணாதுங்க. எழுதின விதத்தத்தான் அது காப்பாத்தும்.”

கூத்தைப் பாருங்கள்! பாக்கியத்துக்கு வலித்தது மகளின் வாக்கியமா? செருப்பு அல்லவா?

அடுத்தவர் மெயிலைப் புத்தகமாகப் போட்டு விற்றால் சட்டம் வரட்டும். வர வேண்டும். அண்ணிக்குக் காட்டியதற்கெல்லாம் சட்டத்தைக் கூப்பிட்டால் பாதித் தோட்டம் கோர்ட் வாசலில் நிற்கும். ‘அனுப்பட்டுமா?’ — அந்த ஒரு வார்த்தை போதாதா?

இதைத் தவமலரிடம் சொன்னேன். அவர் விடவில்லை: “அதைத்தானே நானும் சொல்றேன்! என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாளா?”

“சரிம்மா. நீங்க ஒங்க அம்மாகிட்ட கேட்டீங்களா?”

“என்னாத்த?”

“செருப்புக் கதையச் சுகந்திக்கு எழுதட்டுமான்னு.”

தவமலர் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார். மெயில் மகளுடையதுதான்... பயம் அம்மாவுடையது. அப்படியானால் முதல் ஃபார்வர்ட் யார் செய்தது?

“நானும் இதைப் பேப்பர்ல எழுதலாம்னு பாக்குறேன். கேட்டுத்தான் எழுதுவேன்” என்றேன்.

“என்கிட்ட கேக்காதீங்கண்ணே” என்று ஃபோனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது... எடுத்துவிட்டார் பாக்கியம்.

“அம்மா, வச்சிராதீங்க. ஒங்களக் கேக்காம எழுதிட்டேன். தப்புத்தான். இப்ப ஒரு அண்ணன் பேப்பர்ல எழுதக் கேக்குறாரு. நீங்க வேணாம்னா வேணாம்.”

ஃபோனிலிருந்து எனக்கே கேட்கும்படியான குரல்: “எழுதட்டும். என்னையப் பாத்துச் சிரிச்சவளுகளும் செருப்போடதான் படுக்குறாளுகன்னு சேத்து எழுதச் சொல்லு. ஆனா பிஞ்ச செருப்புன்னு மட்டும் போட்ர வேணாம்!”

“அந்தப் பதுளை வீடு...?”

“அத நேர்ல வந்து கேளு.”

ஆறிப்போன பிளேன்டீயைத் தவமலர் ஒரே மூச்சில் குடித்தார். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நேரே எதிர்ச்சாரிச் செருப்புக் கடைக்கு நடந்தார். வாசலில் நின்று மறுபடியும் ஃபோனைக் காதில் வைத்தார் — “அம்மா, என்னா கலர்?”