இரும்பு மறைத்த படம்

பெரியப்பாவின் எம்.ஆர்.ஐ. படம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. புரஸ்டேட் சுரப்பி தெரிய வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு குழி. இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்ததால், உள்ளே புற்று இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு மூர்க்கமானது என்று அறியத்தான் அந்தப் படம். திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்பதை அது காட்டும். மூர்க்கமான புற்றுக்குள் நீருக்கு அசைய இடமிராது. பக்கத்தில் இரும்பு இருந்தால் எல்லாம் கெட்டுப்போகும். அவருடைய இடுப்பில் இரும்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த இயந்திரத்தை இயக்கிப் படமெடுத்தவன் நான்.

மயிலிட்டியில் கடலுக்குப் போன மனிதர் அவர். சண்டையில் ஊரை விட்டு ஓடிய நாளில், பக்கத்தில் விழுந்து வெடித்த செல்லின் இரும்புத் துண்டொன்று இடுப்பில் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. செல் காயத்தோடு ஒரு ஆணைக் கண்டால், சண்டை பிடித்தவன் என்று நினைத்து இராணுவச் சோதனைச்சாவடியில் இலேசில் விடமாட்டார்கள். "ஆர் கேட்டாலும் வள்ளத்தில விழுந்து அடிபட்டதெண்டு சொல்லவேணும்" என்று பெரியம்மா, சிறுபிள்ளைகளாக இருந்த எங்களுக்கும் சொல்லித் தந்தார். சொல்லிச் சொல்லி எனக்கு அதுவே உண்மையாகிவிட்டது. உடலில் உலோகம் உண்டா என்று படிவத்தில் இருந்த கேள்விக்கு, அவரைக் கேட்காமலே 'இல்லை' என்று எழுதினேன். சொந்தப் பெரியப்பா, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் போதும், இரும்பு தெரிந்திருக்கும்.

அது இரும்பின் நிழல் என்று வைத்தியர் கண்டுகொண்டார். இனி ஊசியால் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்தும் பொறுப்பை, வீட்டு ஆள்தானே என்று என்னிடமே விட்டார். ஊசி என்றதும் பெரியப்பா கையை உதறினார். "படத்தில ஒண்டும் தெரியேல்லை எண்டால் ஒண்டும் இல்லைத்தானே?" படத்தைக் கெடுத்ததே நான்தான் என்று சொல்ல வெட்கம். ஊசி போடாமலே அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அடுத்த வருடம் புற்று எலும்பில் இறங்கிவிட்டது.

படுக்கையில் கிடந்தவரிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திரத்துக்குள் கிடந்தபோது இடுப்பில் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன்.

"சுட்டதுதான் மோனை. இழுத்த மாதிரியும் கிடந்தது. நீ அசைய வேண்டாமெண்டனி. கத்தினால் உன்ரை வேலைக்கு ஏதும் வந்திடுமெண்டு பேசாமல் கிடந்தன்."

அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். உடலில் உலோகம் உண்டா என்று வருகிற ஒவ்வொருவரையும் மூன்று தரம் கேட்கிறேன். சந்தேகமென்றால் எக்ஸ்ரேக்கு அனுப்புகிறேன். புதிதாகச் சேருபவர்களிடம் என்னைக் காட்டி, இவரைப் போல் கவனமாக இருங்கள் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அடுத்தவரின் படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.