கூமாப்பட்டி பீரோவுக்கு ஒரு நாள் லீவு

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் வாரா வாரம் இந்த இடத்தில் உட்கார்ந்து உங்களோடு பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். தெரியும். ஆனால் போன வாரம் நடந்ததை எங்கேயாவது இறக்கி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். ராஜபாளையத்தில் இருந்துகொண்டு பழைய சாமான்களை வாங்கி ஆன்லைனில் விற்கிறேன். ஒரு வீட்டில் வேண்டாம் என்பதை வாங்கி, துடைத்து, போட்டோ எடுத்து, இரண்டு வரி எழுதிப் போட்டால் இன்னொரு வீட்டில் வேண்டும் என்பார்கள். நடுவில் நிற்பது என் லாபம். ஏற்றி இறக்க வீட்டுக்காரரின் லோடு ஆட்டோ இருக்கிறது. வாயே திறக்காமல் செய்யக்கூடிய வியாபாரம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். எல்லாம் டைப் அடித்தால் போதும்.

இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு விதி உண்டு. விற்றவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாரீஸ்வரி என்று ஒரு பெண். கல்யாணமாகி மூன்று வருடம். செட்டியார்பட்டி கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். ஓவர்லாக் மிஷின் ஒன்று வாங்கினாள். அடுப்படி போக, வீட்டில் இருப்பது ஒரே அறை. மிஷின் போட வேண்டிய இடத்தில் அவள் அப்பா சீராகக் கொடுத்த இரும்பு பீரோ நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் அதை என்னிடம் விற்றுவிட்டாள். நான் அதைக் கூமாப்பட்டியில் ஒருவருக்கு விற்றேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைப் பட்டாளத்தார் என்பார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. போன வாரம் காலையில் மாரீஸ்வரியிடம் இருந்து போன். மெசேஜ் இல்லை... போன்.

"அக்கா, எம் பீரோவ எந்த ஊருக்கு வித்திய?"

"கூமாப்பட்டிக்கு."

"எங்க அப்பாவுக்குக் கான்சாபுரம்க்கா. எட்டிப் பாத்தா கூமாப்பட்டி. ஒங்களுக்கு வேற ஊரே கெடைக்கலையா?"

ஆடிப்பூரத் தேருக்கு அவள் அப்பா வருகிறாராம். தேர் அன்று பஸ் உள்ளே வராது என்பதால் முதல் நாளே வந்துவிடுவாராம். பிறந்த வீட்டுப் புடவை வந்தால் அதை நேரே பீரோவில் வைத்துப் பூட்டி, பிறகுதான் எடுத்துக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். வைப்பதும் பூட்டுவதும் அப்பாவின் கையாலேயே நடக்க வேண்டுமாம்.

"கல்யாணத்தன்னைக்கு ட்ராக்டர்ல அத மட்டும் நிக்க வச்சு, மேளம் அடிச்சு, ஊரச் சுத்திக் கொண்டாந்தாருக்கா. வித்துட்டேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் ஒடிஞ்சு போயிருவாரு. ஒரே ஒரு நாள் எரவல் வாங்கித் தாங்களேன்."

விற்ற பொருளை இரவல் கேட்பதற்கு ஆன்லைனில் பட்டன் ஏதாவது இருக்கிறதா? நான் தேடிப் பார்த்தேன். இல்லை. பட்டாளத்தாருக்கு மெசேஜ் அடித்தேன். அவரும் போனில்தான் வந்தார்.

"ஒரு நாள் லீவு குடுக்கலாம். ஆனா தனியா அனுப்ப மாட்டேன். நானும் வாரேன். உள்ள அடுக்குனது அடுக்குனபடி இருக்கணும். சாவி எங்கிட்டதான் இருக்கும். நீங்களும் கூட இருக்கணும்மா, நாளைக்கு ஒரு கீறல்னா நான் யாரக் கேக்க?"

அப்படியாக, தேருக்கு முதல் நாள் காலை, சாமான்களோடு பூட்டிய பீரோ லோடு ஆட்டோவில் ஏறியது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. பட்டாளத்தார் முன்னால் உட்கார மறுத்துவிட்டார். பின்னால் நின்றபடியே பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வத்திராயிருப்பு வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வந்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் யார் வீட்டுச் சீர் என்று கேட்டிருப்பார்கள்.

மாரீஸ்வரி வீட்டில் மிஷினைத் தூக்கி லோடு ஆட்டோவில் வைத்துத் தார்ப்பாயால் மூடினோம். பீரோ உள்ளே போனது. இரண்டு மாதத்துக்கு முன் நின்ற இடத்தில், தரையில் இருந்த அதே நாலு தடத்தில், கச்சிதமாக உட்கார்ந்தது. மாரீஸ்வரி அதைத் துடைத்தாள். பட்டாளத்தாரும் ஒரு பக்கம் துடைத்தார்.

பதினோரு மணிக்கு அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஜவுளிக்கடைப் பை. வாசலில் நின்றபடியே பீரோவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகுதான் மகளைப் பார்த்தார்.

பீரோவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த பட்டாளத்தாரையும் பார்த்தார். "இவிய யாரு?"

என் வீட்டுக்காரர்தான் உதவிக்கு வந்தார். அவருக்கு எப்போதுமே அவசரத்தில் யோசனை வரும். நல்ல யோசனையாகத்தான் வராது.

"பீரோ சாவி ரிப்பேரு பண்ண வந்தவிய."

பட்டாளத்தார் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது. நான் மெதுவாக அடுப்படிக்குள் நகர்ந்துவிட்டேன்.

"சாவி சரியாயிருச்சா? தாங்க," என்று அப்பா கையை நீட்டினார். பட்டாளத்தார் இடுப்புக் கயிற்றில் இருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். ரிப்பேர்காரர் ஏன் அதை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார் என்று அப்பா கேட்கவில்லை. புடவையோடு போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே பச்சை யூனிஃபார்ம் இரண்டு தொங்கியது. கீழே பளபளவென்று பூட்ஸ். மேல் தட்டில் தொப்பி. தொப்பிக்குப் பக்கத்தில், செய்தித்தாளில் பாதி சுற்றிய ரம் பாட்டில். அதிலும் பாதிதான் இருந்தது.

அப்பா கதவை மெதுவாகச் சாத்தினார். மருமகன் கார்த்தி பக்கம் திரும்பினார். கார்த்தி நூல் மில்லில் ஷிஃப்ட் பார்க்கும் பையன். பாக்கு கூடப் போடுவதில்லை.

"மாப்ள, அது யாரோடது?"

கார்த்தி மாரீஸ்வரியைப் பார்த்தான். பீரோவைப் பார்த்தான். "என்னோடதுதான் மாமா," என்றான்.

"மூணு வருசமா ஊர்ல ஒங்கள மாதிரி உண்டான்னு சொல்லிட்டுத் திரியுதேன்."

"எப்பமாவதுதான் மாமா."

இதற்கு மேல் பட்டாளத்தாரால் தாங்க முடியவில்லை. சாவிக்காரன் என்றதைப் பொறுத்தார். பாட்டிலுக்கு இன்னொருவன் சொந்தம் கொண்டாடியதைப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

"அது எங் கோட்டா. மாசா மாசம் மிலிட்டரி கேண்டீன்ல வரிசையில நின்னு வாங்குனது. யூனிஃபார்மும் என்னோடதுதான். தம்பி போட்டுப் பாத்தா தோள் நிக்குமான்னு பாருங்க."

"ஒம்ம யூனிஃபார்ம் எம் பொண்ணு பீரோவுல என்னய்யா செய்யுது?"

அப்போதுதான் மாரீஸ்வரி சொன்னாள். "அது எம் பீரோ இல்லப்பா. வித்துட்டேன். மிஷின் போட எடமில்ல."

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். புடவைப் பை மடியில் இருந்தது. வெளியே தெருவில் பலூன் விற்பவன் பீப்பி ஊதிக்கொண்டே போனான். அவர் ஒடிந்துதான் போனார் என்று நினைத்தேன். மாரீஸ்வரியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் கேட்டது ஒன்றுதான். "எப்பிடி வித்த?"

"ஆன்லைன்லப்பா."

என் வீட்டுக்காரர் மறுபடியும் உதவிக்கு வந்தார். போனில் என் விளம்பரத்தைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"பழைய... பீரோ. சுமாரான... கண்டிஷன்."

கண்ணாடியைக் கழற்றினார். "சுமாரா? இத எழுதுனது யாரு?"

அடுப்படியில் இருந்து வெளியே வந்தேன். என் எழுத்தை ஒருவர் வாய்விட்டு வாசித்துக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. என்ன சொல்ல? நல்ல கண்டிஷன் என்று எழுதினால், நேரில் வந்து அங்கே நசுங்கியிருக்கிறது, இங்கே துரு என்று சண்டை பிடிப்பார்கள். எனக்குச் சண்டை வராது. சுமார் என்று எழுதிவிட்டால் வருகிறவர்கள் பேசாமல் எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் நான் விற்கும் எல்லாமே சுமார்தான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். "சும்மா..." என்பதுதான் வந்தது.

"மூணு ஆள மேல ஏறி நிக்கச் சொல்லிப் பாத்து வாங்குன பீரோம்மா இது. விக்கட்டும், அவ பாடு. சுமார்னு எழுதலாமா? நாலு ஊரு பாக்குதுல்ல?"

"நானும் ஏறி நின்னேன், அசையல," என்றார் பட்டாளத்தார். "சுமார்னு போட்டிருந்ததாலதான் கொறச்சுக் கேட்டேன். நல்லா எழுதியிருந்தா கேட்டத குடுத்திருப்பேன்."

"கேட்டியளா?" என்று அப்பா என் பக்கம் திரும்பினார்.

விற்றவளும் வாங்கியவரும் கொடுத்தவரும் ஒரே அறையில். மூன்று பேரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி நான் மட்டும்.

விற்றுப்போன பொருளின் விளம்பரத்தை அங்கேயே திருத்தச் சொன்னார் அப்பா. அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். "கான்சாபுரம் தகப்பன் மகளுக்குக் குடுத்தது. கெட்டித் தகரம். மூணு பேர் ஏறி நிக்கலாம்." நாலு பேர் என்று போடலாம் என்றார் பட்டாளத்தார். அப்பா கொஞ்சம் யோசித்து, "வேண்டாம், உள்ளதச் சொல்லுவோம்," என்றார்.

பிறகு மிஷின் எங்கே என்று கேட்டார். வாசலுக்கு வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது யாரு வாங்கிக் குடுத்தா?"

"நாந்தாம்ப்பா. தச்ச காசுல."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பீரோவை வெளியே தூக்க ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் பட்டாளத்தார். மிஷின் உள்ளே போனதும் புடவையைப் பையில் இருந்து எடுத்து, அதன் பலகையில் வைத்தார். "பூட்டு இல்லையே," என்று மட்டும் முணுமுணுத்தார்.

நம் சாமானை விற்றாலும் தாங்கிக்கொள்கிறோம். அதைச் சுமார் என்றால்தான் தாங்க முடிவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

மறுநாள், தேர் வடம் இழுக்கும் சத்தத்துக்கு நடுவே, மாரீஸ்வரியின் அப்பா எனக்குப் போன் செய்தார். கான்சாபுரம் வீட்டில் ஒரு பழைய கட்டில் இருக்கிறதாம், விற்க வேண்டுமாம். போட்டோ மட்டும் நான் எடுத்தால் போதுமாம், எழுதுவதை அவரே எழுதிக்கொள்வாராம். சரி என்றேன்.