பொரி தின்ற வாயோடு

கார்த்திகை வந்துவிட்டால் யாராவது ஒருத்தர் பொரி உருண்டையை நீட்டத்தான் செய்கிறார்கள். பல் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். வேங்கிக்காலில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் எனக்கு வாய் முழுக்கச் சொத்தைப் பல் என்றே நம்புகிறார்கள். நம்பிவிட்டுப் போகட்டும். ஒரு வாய்ப் பொரி தின்று ஒரு கிணற்றையே கெடுத்தவள் நான் என்று ஒன்பது வயதில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதையெல்லாம் டீ நேரத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அந்தக் கிணறு இருந்த எங்கள் கழனி இப்போது மனைப்பிரிவு. கல் நட்டு, வளைவு கட்டி, 'சுவையான நிலத்தடி நீர்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எழுதியவன் வாயில் ஒரு டம்ளர் அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று ஒவ்வொரு முறை பஸ்ஸில் தாண்டும்போதும் தோன்றும். அப்பா இப்போது கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜுக்கு வாட்ச்மேன். அம்மா மணிக்கொரு தரம் அவருக்குப் போன் போடுவாள். அவர் எடுக்கும்வரை விடமாட்டாள்.

அப்போது நாங்கள் கழனியிலேயே வீடு கட்டிக்கொண்டு இருந்தோம். அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. பக்கத்தில் துரிஞ்சலாறு. ஆறு என்று பெயர்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வேலிகாத்தான் முள்ளும், பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற மணலும்தான் அதில் இருக்கும். குடிக்கவும் பாய்ச்சவும் எங்களுக்கு அந்த ஒரு கிணறுதான். சுற்றுச்சுவர் எப்போதோ இடிந்துபோய், தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். தம்பியை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் ஒரு குடம் கொண்டுவந்து கிணற்றில் ஊற்ற வேண்டும். ஆற்றுக்கும் கிணற்றுக்கும் உறவு விட்டுப்போகக் கூடாதாம். ஊற்றுவது வயசுக்கு வராத பெண். தலைக்குக் குளித்து, வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் ஊற்ற வேண்டும். மூன்று வருஷமாக ஆறு வராததால் அந்தப் பெருமை எனக்குக் கிடைக்கவே இல்லை.

அந்தக் கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டது. தீபம் முடிந்து நாலைந்து நாள் இருக்கும், ஆறு வந்துவிட்டது என்று ஊரே ஓடியது. அம்மாவும் ஊருக்குள் இருந்த அத்தையும் மஞ்சள், குங்குமம், கற்பூரத்தோடு கரைக்குப் போனார்கள். தண்ணீர் கறுப்பாக, நுரை தள்ளிக்கொண்டு வந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றியவர்கள் போட்டுவிட்டுப் போன பாட்டில்களும் தையல் இலைகளும் அதில் வந்தன. டவுன் சாக்கடை மொத்தமும் வந்தது. மாத்திரை அட்டைகள் வந்தன. ஒரு செருப்பு மிதந்து போனதைப் பார்த்த தம்பி, இன்னொன்று எப்போது வரும் என்று காத்துக்கொண்டே நின்றான். அத்தை ஒரு கையால் கற்பூரம் காட்டினாள், இன்னொரு கையால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். சாமி கும்பிடுகிற இடத்தில் நாறுகிறது என்று யார் சொல்வார்கள்?

அம்மா நுரையைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குடத்தை முக்கி என் இடுப்பில் வைத்தாள். என் பாவாடைப் பையில் தீபத்துக்குப் பிடித்த பொரி உருண்டையில் ஒரு துண்டு இருந்தது. காலையிலிருந்து பட்டினி. வரப்பில் முன்னால் நடந்தவள், யாரும் பார்க்காதபோது அதை வாயில் போட்டு மென்று விழுங்கினேன். வெல்லம் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே குடத்தைக் கிணற்றில் கவிழ்த்தேன். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் ரொம்ப பக்தியாகக் கும்பிட்டேன்.

மறுநாள் காலையில் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்துக் கழனிக்காரர்கள் வாய்க்கால் கரையில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவோ, இவ்வளவு தண்ணீர் சும்மா போகிறதே என்று புலம்பிக்கொண்டே இருந்தார். மூன்று வருஷம் வானத்தைப் பார்த்துக் கிடந்தவர், கிணற்றுத் தண்ணீரை நம்பித் தாமதமாக நட்டிருந்தார். வெள்ளம் ஏறினால் வண்டல் படியும், அடுத்த போகத்துக்கு எருவே வேண்டாம் என்பது அவர் எண்ணம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேணாங்க, நாத்தம் கொடல பொரட்டுது என்றாள் அம்மா.

"எருன்னா நாறத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கரையை வெட்டிவிட்டார்.

தொடை வரை சேறோடு திரும்பி வந்து தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மழை வலுத்தது. மதியத்துக்குள் கழனி நிரம்பி, தண்ணீர் மெதுவாக நகர்ந்து வந்து கிணற்று விளிம்பில் சரிந்து உள்ளே கொட்டியது. அருவி, அருவி என்று நானும் தம்பியும் கை தட்டினோம்.

தண்ணீர் வடிந்த பிறகு பயிர் எழுந்ததே ஒரு எழுச்சி! கருகருவென்று, இடுப்பளவுக்கு. ரோட்டில் போகிறவர்கள் பைக்கை நிறுத்திவிட்டு இன்னா மருந்துண்ணே அடிச்ச என்று கேட்டார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, ஆத்துத் தண்ணி என்பார்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் இருந்தது. களை எடுத்த பெண்களுக்குக் காலெல்லாம் புண் வந்தது. இரண்டாம் நாள் ஒருத்தியும் வரவில்லை. கிணற்றில் எண்ணெய் போல ஏதோ படர்ந்தது. அம்மா காய்ச்சித்தான் கொடுத்தாள், ஆனாலும் தம்பிக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தான். பிழைத்தது பெரும்பாடு. அப்பா இரண்டு நாள் மோட்டார் ஓட்டிக் கிணற்றை வற்றவைத்து, தானே இறங்கிச் சேற்றை வாரிக் கொட்டினார். ஊற்று திரும்பவும் ஊறியது. அதே நாற்றம்.

தம்பியைப் பார்க்க வந்த அத்தைதான் சொன்னாள், "புதுத்தண்ணி ஊத்தனதுல ஏதோ கொற இருக்கு."

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் என்னைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தம்பியின் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் என் பல்லில் வெல்லம் ஒட்டியிருப்பது போலவே இருக்கும்.

பொங்கல் கழிந்தது. பயிர் பச்சையாகவே நின்றதே தவிரக் கதிர் தலை சாயவில்லை. ஒரு சாயங்காலம் அப்பா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்துவிட்டது. ஒரு மணி அரிசி இல்லை, மொத்தமும் பதர். இன்னொன்றை உருவி ஊதினார். அப்புறம் வேறொரு மூலைக்குப் போய் ஊதினார். கடைசியில் கிணற்றங்கரைக்கு வந்து, காலை உள்ளே தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இதற்கு மேல் மறைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. போய்ப் பக்கத்தில் நானும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா திட்டவில்லை.

"யப்பா, நான் பொரி தின்னுட்டுதான் ஊத்தினேன்."

அவருக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாவாடைப் பை, வரப்பு, வெல்லம், ஒன்றையும் விடவில்லை. அவர் என்னை இழுத்துப் பின்னால் நகர்த்தி உட்காரவைத்தார்.

"நீ ஒரு வாய் பொரி தின்ன. நான் கரையவே வெட்டி உட்டேன். எங்கொயந்த கண்ணு மஞ்சளாச்சே, அது யாரால? நீயே சொல்லு."

விடுகதை போடுகிறார் என்று நினைத்தேன். கரை வெட்டுவது அப்பாக்களின் வேலை, அதில் என்ன தப்பு வரும்? எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ என்மேல தப்பு இல்லியா?"

"இல்லடா கண்ணு. உம்மேல ஒண்ணுமே இல்ல. நீ போய் சாப்புடு." சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் கையில் வைத்தார். "இத அம்மாகிட்ட குடுத்துடு."

எங்களைத் தொடவே விடாத பட்டன் போன்! தப்பும் இல்லை, போனும் கையில். ஓடினேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று பாம்பு விளையாட்டு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன். அந்த இரண்டு ஆட்டம் எத்தனை நிமிஷம் என்று இன்றைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் எப்படி உன் கையில் வந்தது என்று கேட்டாள். அப்பாதான் குடுத்தார், கெணத்துமேல உக்காந்துகினு இருக்கார் என்றேன். கரண்டி கீழே விழுந்தது. அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். தோசை கருகிப் புகைந்தது. எனக்கு அகோரப் பசி. ஒரு தோசையை எடுத்துப் போட்டுவிட்டுப் போனால் என்ன என்று கோபம் வந்தது.

இருட்டும் நேரத்துக்கு இரண்டு பேரும் வரப்பில் வந்தார்கள். அப்பாவின் வேட்டி நனைந்திருக்கவில்லை. அம்மா அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் வந்தும் விடவில்லை. தட்டு வைத்தபோது, சாப்பிட்டபோது, இடது கையால் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இவர்களுக்கு வெட்கமே இல்லையா என்று, நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.