கோதண்டம் அளந்தது சரிதான்

ஊத்துக்கோட்டையில் ஒரு டிராக்டரைப் பழுது பார்க்கப் போயிருந்தபோது பட்டறையிலிருந்து போன் வந்தது. கோதண்டம் அண்ணன் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வேறொன்று வந்தது. ‘இனி யாருக்கும் தெரியாது’ என்ற நிம்மதி. ஒரு நொடிதான் இருக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் கடைசிவரை படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு ஒரு தடவை வந்தவர்களுக்குக்கூட அவரைத் தெரிந்திருக்கும். எளாவூர்க்காரர். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் டிப்ளமா படித்தவன் என்பதால் உதிரிபாகங்களைத் தேர்ந்தெடுப்பது என் வேலை, என்ஜினைப் பூட்டுவது அவர் வேலை. என்னை ‘நைனா’ என்பார். கோபம் வந்தால் மட்டும் ‘சார்’.

மூன்று வருடத்துக்கு முன்னால் சேற்றுப் பந்தயம் ஓட்டும் ஒருவர் தன் ஜீப்பைக் கொண்டுவந்தார். சூப்பர்சார்ஜரை அவரே வாங்கி வைத்திருந்தார். அதற்குத் தோதாக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும் ராக்கரையும் நாங்கள் பார்த்துப் போட வேண்டும். நான் ஒரு பந்தயக் கேமைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் போட்டால் காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும், நின்ற இடத்திலேயே என்ஜின் உறுமும். அண்ணன் என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“இன்னா சார் இது? சூப்பர்சார்ஜர் கஷ்டப்பட்டு காத்த உள்ள தள்ளிக்கினு இருக்கும். நீ ரெண்டு கதவையும் ஒண்ணா தொறந்து வெச்சா அது அப்டியே சைலன்சர் வழியா பூடும். சத்தம்தான் வோணும்னா நல்ல ஹாரனா வாங்கி மாட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதுதான் சரி. இரண்டு வால்வும் சேர்ந்து திறக்கும் நேரம் குறைவாக உள்ள கேமையே வாங்கினோம். எனக்குத்தான் மூக்கறுபட்டது போல இருந்தது.

புதுக் கேம் போட்டால் அவர் ஒரு வேலை செய்வார். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை பிஸ்டன் தலையில் அப்பி, என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைப் பூட்டி, கையாலேயே என்ஜினை இரண்டு சுற்று சுற்றுவார். திரும்பக் கழற்றினால் களிமண்ணில் வால்வு அழுத்திய பள்ளம் இருக்கும். பள்ளத்தின் அடியில் மிஞ்சிய கனத்தை பிளேடால் வெட்டி அளப்பார். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அதுதான். சரியாக இருந்தால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வால்வு கவர் மேல் சாக்பீஸால் தன் பெயரை எழுதுவார். “அளந்தவன் பேரு மேல இருக்கணும். நாளைக்கு ஒண்ணுன்னா வேற எவனையும் தேடக் கூடாது” என்பார்.

அந்த ஜீப்பையும் பழைய ராக்கரை வைத்து அளந்து, பெயரை எழுதிவிட்டு, மச்சினன் கல்யாணத்துக்கு லீவில் போனார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் நான் மட்டும் இருந்தேன். பழைய ராக்கரைக் கழற்றிவிட்டு, வால்வை இன்னும் ஆழமாக இறக்கும் ராக்கரை மாட்டினேன். கேமில் விட்டதை ராக்கரில் பிடிக்க வேண்டும் என்ற வீம்பு. ராக்கர் மாறினால் மறுபடியும் களிமண் வைத்து அளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஹெட்டைக் கழற்றிப் பூட்ட ஒரு பகல் ஆகும், விடிந்தால் ஜீப்காரர் வந்துவிடுவார், கொஞ்சம் இடைவெளி இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். கவரை மூடியபோது அதன் மேல் அவர் பெயர் அப்படியே இருந்தது. ஒரு துணியை எடுத்துத் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் வேலைக்குத் திரும்பி வந்து பையை வைப்பதற்குள் ஜீப்காரர் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். வால்வு பிஸ்டனில் போய் இடிக்கும் சத்தம். என்ஜின் நின்றுவிட்டது. கவரைக் கழற்றியது அண்ணன்தான். ராக்கரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஸ்பானர்களைத் துடைக்க ஆரம்பித்தேன். முதலாளி கவரிலிருந்த பெயரைக் காட்டி, “நீதான அளந்த?” என்று கத்தினார்.

“நான்தான் அளந்தேன்” என்றார் அண்ணன்.

அது உண்மைதானே. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியவன் நான், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு முதலாளி அவரை என்ஜின் பூட்ட விடவில்லை. சாகும்வரை பாகங்களைக் கழுவும் தொட்டியருகில்தான் நின்றார். நாம் அவருக்கு ‘களிமண்ணு’ என்று பெயர் வைத்தோம். நானும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டேன்.

ஒருமுறை டீக்கடையில், “அண்ணா, அந்த ஜீப்பு விசயம்...” என்று இழுத்தேன்.

“எங்கிட்ட எதுக்கு சொல்ற நைனா? எனக்குத் தெரியாததா? தெரியாதவங்களாண்ட போய் சொல்லு” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சாவு வீட்டில் அவர் மனைவி வந்தவர்களிடமெல்லாம், “அவ்ளோ நல்ல வேலக்காரரு, அந்த ஒரு வண்டில கோட்ட உட்டுட்டாரு” என்று சொல்லிச் சொல்லி அழுதார். அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. கருமாதி முடிந்த பிறகு போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இதுக்காவ அந்த மனுசன நான் எவ்ளோ திட்டிக்கிறேன் தெரியுமா? ஒரு நாளு கூட உன் பேர சொல்லலியே” என்றார் அண்ணி. பிறகு, “இனிமே இந்த ஊட்டுப் பக்கம் வராத” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். அவர் அளந்தது சரி, உடைத்தவன் நான். அவருடைய ஸ்பானர் பெட்டியை வைத்துக்கொள்ளச் சொல்லி முதலாளி என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அவருடையதாக நான் எடுத்துக்கொள்வது நாம் அவருக்கு வைத்த பெயரை மட்டும்தான். நாளைக்குப் பட்டறையில் யாராவது ‘களிமண்ணு’ என்று கூப்பிட்டால், நான் திரும்பிப் பார்ப்பேன்.