பெரியப்பாவின் கட்டைவிரல்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. என் மகனும் மகளும் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுவதால், அவரைப் பெரியப்பா என்றே குறிப்பிடுகிறேன்.

பெரியப்பா பிறந்தது மயிலாப்பூரில், ஒற்றை அறை வீட்டில். எட்டாவதோடு படிப்பை விட்டு, அடையாறில் கேஸ் சிலிண்டர் போடும் வேலைக்குப் போனார். முப்பத்தைந்து வருடம் தோளில் சிலிண்டரோடு மாடி ஏறினார். ஓய்வுக்குப் பிறகும் தினமும் காலையில் அடையாறு வரை நடந்து திரும்புவார். நானோ ஆட்டோ ஓட்டி, உட்கார்ந்தே பிழைத்தவன்.

பிள்ளைகளே, என் அப்பாவுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு, கவுட் என்னும் மூட்டுவாதம். கால் கட்டைவிரல் சிவந்து வீங்கினால், போர்வை பட்டால்கூட அலறுவார். கறி தின்ற வினை என்று தெருவே பேசியது. அவர் இறந்தபோது கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியவர் பெரியப்பா. புடைத்த விரல் மற்றதோடு சேரவே இல்லை.

நாற்பத்திரண்டு வயதில் அது எனக்கும் வந்தது. நடந்தால் சரியாகிவிடும் என்று நொண்டிக்கொண்டே கிளம்பினேன். பெரியப்பா வாசலில் மறித்தார்.

"இன்னாடா, வீங்கிக்கினு கீற காலோட கிண்டி ரேஸுக்கா போற? குந்து. வத்தட்டும், அப்பால நட."

"உனுக்கு இன்னாண்ணா, சிலிண்டர் தூக்கி இரும்பா கீற."

டாக்டரிடம் அவரே அழைத்துப் போனார். குடும்பத்து நோய் என்றதும் அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இந்த வீக்கத்துக்குக் காரணமான யூரிக் அமிலம் என்னைப் போலவே அவருக்கும் கூடுதல்! டாக்டரே ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார்.

"பரம்பரையா ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. ஆனா இது கூடுற எல்லாருக்கும் வீங்காது. இவர் எடை ஏறாம உழைச்சது காப்பாத்தியிருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

பெரியப்பா சிரித்தார். "பாத்தியாடா, நைனா பங்கை சமமாத்தான் பிரிச்சிகீறாரு."

போன வருடம் நிமோனியா காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டார். விரல் கட்டும் முறை எனக்கு வந்தது. எழுபத்தோரு வயது விரல்கள். மேடு இல்லை, கோணல் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. அழுகையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே ரத்தம்தானே!

மருத்துவமனையில் உடனிருந்த சிலிண்டர் வண்டித் தோழர்களுக்கும், துணி கிழித்துத் தந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கைகூப்பி நன்றி.

பிள்ளைகளே, அந்தப் பங்கு உங்களுக்கும் வந்திருக்கலாம். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டர் தந்த மாத்திரையை விடாமல், தெப்பக்குளத்தைச் சுற்றி நானும் தினமும் நடக்கிறேன். என் விரல்களை ஒருநாள் நீங்கள்தான் கட்ட வேண்டும். அதற்கு முன் கொஞ்ச தூரம் என்னோடு நடந்து வாருங்கள்.